இந்த வருஷம் நான் யாரு

பெர்னதெத் அக்காவை முதலில் சந்தித்தபோது
அவர் போரினால் பாதிக்கப்பட்டவராக இருந்தார்.
முகத்துவாரத்தை விட்டு
அவர் அதிக தூரம் போனது தலவில் திருநாளுக்கு.
ஆனால் அந்த வருஷப் படிவத்தில் இருந்த கட்டம் அது.
வவுனியாவில் ஒரு சித்தப்பா இருந்தார்.
போதும்.

பிறகு சமாதானத்தின் காசு முடிந்தது.
அவரைப் பெண் தலைமைக் குடும்பம் ஆக்கினோம்.
துறைமுக வேலை முடித்து வந்த கணவர்
வாசலில் நின்று சேர்ட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:
"அப்ப நான் எங்க போக, மிஸ்?"
எல்லோரும் சிரித்தோம்.
படத்தில் மட்டும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னோம்.

அதற்குப் பிறகு காலநிலையால் நலிவுற்றவர்.
இதில் பொய் இல்லை.
ஐப்பசி மழைக்குக் கால்வாய் வீட்டுக்குள் வரும்,
எந்தத் தூதரகத்திடமும் கேளாமல்.

அவர் கேட்டது எல்லா வருஷமும் ஒன்றுதான்:
பதினேழு வீட்டுக்குமாக இருக்கிற
இரண்டு கக்கூசுக்கும்
உள்பக்கம் கொண்டி வைத்த கதவு.

கதவு, கட்டுமானம்.
கட்டுமானம் எங்கள் நிதியில் அடங்காது.
குளிரூட்டிய மண்டபம் அடங்கும், மூன்று நாள் பட்டறை அடங்கும்,
இரண்டு வேளை தேநீரும் பெற்றிசும், பேனா, கொப்பி,
பேனாவில் எங்கள் பெயர்.

டிசம்பர் இருபதாம் திகதி
கணக்காளர் இம்தியாஸ் வந்து என் மேசையைத் தட்டுவார்.
"நாலு லட்சம் மிச்சம் இருக்கு.
முப்பத்தொன்னுக்கு முந்தி முடிக்கல்லன்னா
அடுத்த தவணை வராது."
கதவு? என்றேன்.
"குடை வாங்கலாம்" என்றார்.
வாங்கினோம். முன்னூறு. நீலம்.

போன மாதம் கண்காணிக்க வந்த அம்மணி
கக்கூஸ் வாசலில் நின்று படமெடுத்தார்.
கதவிருக்கும் இடத்தில் தொங்கியது
நாங்கள் என்றோ கட்டிய பனர்:
நல்லிணக்கம், மூன்று மொழியில், ஐந்து இலச்சினையோடு.
அறிக்கையில் எழுதியிருந்தார்,
நன்கொடையாளர் வெளித்தெரிதல்: மிகச் சிறப்பு.
காற்றடித்தால்
உள்ளே இருப்பவரும் தெரிவார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
என் சம்பளத்தில் நாற்பது வீதம் காலநிலை,
முப்பத்தைந்து இளைஞர், மிச்சம் பால்நிலைச் சமத்துவம்.
காய்ச்சலில் படுத்தால்
அது எந்தத் திட்டத்தின் காய்ச்சல் என்று
நேரத்தாளில் நிரப்ப வேண்டும்.
வெள்ளவத்தை அறைக்கு வாடகை மட்டும்
முழுதாய்க் கேட்கிறார்கள்.
அதனால்தான் நன்றாக எழுதுகிறேன்.
கிருலப்பனை அலுவலகத்தில் என்னைப்போல்
முன்மொழிவு எழுத ஆளில்லை என்பார்கள்.

நேற்றுப் புதிய அழைப்போடு போனேன்.
சமூகத் தொழில்முனைவு.
மானியம் இல்லையாம் இனி, முதலீடாம்.
பெர்னதெத் அக்கா அடுப்பைக் குறைத்துவிட்டு
எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார்.
அடையாள அட்டையை நான் கேட்குமுன் எடுத்து வைத்தார்.
முந்தானையில் கை துடைத்தபடி,
கோபமில்லை, கேலியும் இல்லை,
பஸ் எத்தனை மணிக்கு என்பதுபோல் கேட்டார்:
"சொல்லுங்க மிஸ், இந்த வருஷம் நான் யாரு?"

எழுதக் குனிந்தேன். பேனா ஓடவில்லை.
அவரே உள்ளே போய்
எங்கள் பெயர் பொறித்த ஒன்றைக்
கொண்டுவந்து தந்தார்.