ஐம்பது மில்லிமீட்டர்

முதல் துளையில் நாலரை மீட்டர் ஆழத்தில்
கம்பி அடிக்காமலே இறங்கியது.
சுத்தியலைத் தூக்கியவன்
தூக்கிய கையோடு என்னைப் பார்த்தான்.
அடிகளின் எண்ணிக்கை: சுழியம்
என்று எழுதிக்கொண்டேன்.
எப்போதோ ஆறு படுத்து எழுந்துபோன இடம்.
படுக்கை இன்னும் காயவில்லை.

திருத்துறைப்பூண்டிக்கு வடக்கே,
முள்ளியாற்றிலிருந்து அரைக் கல் தொலைவில்
பல்கலைக்கழகத்தின் பதினாறு ஏக்கர்.
மேலே களி, அப்புறம் நைஸ் மணல்,
அதற்கும் கீழே சிப்பி கலந்த கறுப்பு வண்டல்.
இருபதில்தான் கெட்டி தட்டியது.
மூன்று மாடிக்கு நூற்றுப் பன்னிரண்டு பைல்.
"மண்ணுக்குள்ளேயே கால்வாசிப் பணமா?"
என்றது நிதிக்குழு.
ஆமாம் என்றேன்.
இந்தப் பக்கம் கட்டடம் என்பதே
பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாதது.

முனைவர் அமலோற்பவத்துக்கு
மாடிகளைப் பற்றிக் கவலையில்லை.
ஒரே ஓர் அறை வேண்டும்,
எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு.
நொடிக்கு மூன்று மைக்ரானுக்கு மேல்
தரை நடுங்கக் கூடாது.
நெல்லின் வேர்நுனிக்குள் உப்பு
எந்தக் கதவு வழியாகப் போகிறதென்று பார்க்க வேண்டுமாம்.
"அறை மூச்சுகூட விடக்கூடாதும்மா."
"நீங்க விடலாமா?"
"பக்கத்து அறையிலே."

ஒன்பது இரவு அதிர்வுமானியைப் புதைத்துவிட்டு
கொசுவலைக்குள் கிடந்தேன்.
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில் வந்தது,
கோடு எகிறி அடங்கியது. எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது இரண்டு மணிக்கு வந்தது,
சின்னதாக, சீராக,
விடியும்வரை விடாமல்.

டார்ச்சோடு வரப்பில் நடந்தேன்.
நான் போகப் போகத் தவளைகள் நிறுத்தின,
கடந்ததும் தொடங்கின.
வேலிக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகை.
பக்கிரிசாமி பீடியை மறைத்தபடி எழுந்தார்.
மும்முனைக் கரண்ட் இப்போதுதான் வருகிறது.
"ஆத்துல தண்ணி வந்தா
நான் ஏன் முழிச்சிருக்கப் போறேன்?"
குழாயில் வந்ததைக் கையில் ஏந்திக் கொடுத்தார்.
கரித்தது.

கொட்டகையை விலைக்கு வாங்கிவிடலாம்
என்றார் குழுவில் ஒருவர்.
மின்வாரியத்துக்குக் கடிதம் என்றார் இன்னொருவர்.
எல்லாரும் எழுந்த பிறகு
ஃபைலை மூடிக்கொண்டே அமலோற்பவம் சொன்னார்,
"அந்தாளு வயலுக்காகத்தானே இதெல்லாம்."

அறையை மேற்குக் கோடிக்குத் தள்ளினேன்.
லிப்ட், படிக்கட்டு, ஏசி எந்திரம் எல்லாம் கிழக்கே.
அறைத்தரைக்குத் தனிப் பைல்,
ஒன்றரை மீட்டர் கனத்தில் தனிக் கான்கிரீட்,
சுற்றிலும் ஐம்பது மில்லிமீட்டர் வெறுமை.
கட்டடத்துக்குள் நிற்கும்,
கட்டடத்தைத் தொடாது.
இதை வரைய எனக்குச் சிரமமாக இல்லை.
புகுந்த வீட்டில் பதினோரு வருடம் இருந்திருக்கிறேன்.

தரை இறுகிய மாதம்
மறுபடி இரவு இரண்டு மணி, மறுபடி மோட்டார்.
நான்கு புள்ளி ஒன்று.
ஒன்றும் பேசாமல் அமலோற்பவம் ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.
எங்கேயோ தொட்டுக்கொண்டிருக்கிறது.
"ஒத்தச் சல்லி விழுந்திருந்தாப் போதும்,
பாலம் போட்டுரும்" என்றார் மேஸ்திரி உப்பிலி.

ஒரிசாக்காரத் தபன்தான் ஒல்லி.
குப்புறப் படுத்து
வளைத்த கம்பியால் அந்தச் சந்தை இரவெல்லாம் துழாவினான்.
புகையிலைப் பாக்கெட் வந்தது.
ஒற்றைச் செருப்பு எப்படிப் போனதோ, வந்தது.
வடமேற்கு மூலையில், சுவருக்கும் தரைக்கும் நடுவே
இறுகிப்போன கலவைக் கட்டி ஒன்று,
கொட்டைப்பாக்கு அளவு.
உளி வைத்து ஒரே தட்டு.

இரண்டு புள்ளி ஆறு.

வேலிக்கு அப்பால் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
"இன்னும் ஏதோ இருக்கு" என்று
தபன் உள்ளே வெளிச்சம் அடித்தான்.
வயல்நண்டு.
கொடுக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு
வரமாட்டேன் என்றது.
அது பாலமாகுமா என்று கேட்டார் அமலோற்பவம்.
ஆகாது என்றேன், கொஞ்சம் யோசித்து.
மறுநாள் இறுதி வரைபடத்தில்
சந்தைக் காட்டும் அம்புக்குறியின் எதிரே
"காலி" என்று எழுதக் கை வரவில்லை.