பெட்டி ஒன்று, பெயர் ஆறு

அரும்பார்த்தபுரத்தில், இரண்டாவது மாடியில்,
ஏசி ஒழுகும் அறையில் இருக்கிறது அது.
தொட்டுப் பார்த்தால் ஒன்று.
கேட்டுப் பார்த்தால் ஆறு.

இரவு இரண்டே முக்கால்.
போனில் பிலோமினா, ரத்த வங்கியிலிருந்து:
"மேடம், நெட் போயிடுச்சு.
ஓ நெகட்டிவ் எங்க இருக்குன்னு பார்க்கணும்,
வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

கறுப்புத் திரையில் கர்சர் கண் சிமிட்டுகிறது.
எனக்குக் கொடுத்திருப்பது
பார்க்கும் உரிமை மட்டும்.
மாற்ற முடியாது. அழிக்க முடியாது.
ஷோ என்று அடிக்கலாம்,
காட்டு என்று கேட்பதுபோல.
காட்டும்.

ஆறு பெயர்கள், ஆறு வரிகள்,
ஆறுக்கும் நேரே 'அப்'.
மேலே நின்று கேட்டால்
எப்போதும் எல்லாம் சுகம்தான்.
உள்ளே இறங்க வேண்டும்.

முதலாவது, துறைமுகம். பாக்கெட்டுகள் நத்தையாய்.
இரண்டாவது, கூட்டுறவு வங்கி. இந்நேரத்தில்
எந்த ஏடிஎம்மிலோ யாரோ
ஐநூறு எடுக்கிறார்கள். எதற்கோ.
ஒவ்வொன்றுக்கும் தனி வழிப் பட்டியல்,
தனி அண்டை, தனி விலாசம்.
ஒவ்வொன்றும் தன்னை
முழு ரவுட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.
மின்விசிறி ஒன்றுதான், சூடு ஒன்றுதான்,
பிளக்கைப் பிடுங்கினால் ஆறுக்கும் சேர்த்தே இருட்டு.
அதை யாரும் அவற்றிடம் சொன்னதில்லை.

நான் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் வருகிறவள்.
பஸ் முள்ளோடையைத் தாண்டும்,
தார் அதே தார்,
பெட்ரோல் விலை மட்டும் வேறு.
பாகூர்ப் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை:
வரப்புக்கு இப்பக்கம் ஒரு சர்க்கார்,
அப்பக்கம் ஒரு சர்க்கார்,
நண்டு குறுக்கே போகும், தாசில்தாரைக் கேட்காமல்.
காரைக்கால், மாகே, ஏனாம் என்று
ஒட்டாத நிலங்களுக்கு அங்கே ஒரே பெயர்.
இங்கே ஒட்டிய ஒரே இரும்புக்கு ஆறு.

மூன்றாவது. மருத்துவமனை.
அண்டையின் நிலை: 'ஆக்டிவ்'.
புதிதாய்ச் சேர்ந்த பையனாக இருந்தால்
நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பான்.
ஆக்டிவ் என்றால் பேசிக்கொண்டிருக்கிறது என்றல்ல;
கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது,
திறக்க ஆளில்லை என்று.
பேச்சு கூடிவிட்டால்
அந்த இடத்தில் சொல்லே இருக்காது,
வெறும் எண்தான்.

கலியவரதனை எழுப்பினேன்.
இருபது நிமிடத்தில் அவன் குரல், காற்றோடு:
"ஜேசிபிக்காரன் பைப்புக்குத் தோண்டியிருக்கான் மேடம்,
கேபிளை வெண்டைக்கா மாதிரி நறுக்கிட்டான்.
பள்ளம் அவங்களுது. கேபிள் நம்மளுது.
இறங்கலாமா, லெட்டர் வேணுமா?"
இறங்கு என்றேன்.
எந்த உரிமையில் சொன்னேன் என்று
இதுவரை யாரும் கேட்கவில்லை.

காத்திருக்கும்போது
ஆறாவதைத் திறந்தேன். தேவையில்லை,
விரலின் பழக்கம்.
இறால் ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்காக
இசிதோர் உண்டாக்கியது.
கம்பெனி மூடிப் போயிற்று,
இசிதோர் தோஹா போனான்,
அழிக்கும் உரிமை உள்ளவர்களுக்கு
அது இருப்பதே மறந்துபோயிற்று.
எழுந்து ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று நாள்.
அண்டை: பூஜ்யம்.
ஆனாலும் பத்து விநாடிக்கு ஒருமுறை
ஹலோ சொல்கிறது.
எண்ணிக்கை கூடுவதைப் பார்த்தேன்.
இன்னொரு முறை பார்த்தேன்.
பிறகு வெளியே வந்துவிட்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டு.
மூன்றாவதில் ஆக்டிவ் காணோம்.
இருநூற்றுப் பதினான்கு என்று இருந்தது.
பிலோமினா கூப்பிடவில்லை.
வேலை செய்தால் யாரும் கூப்பிடுவதில்லை,
அதுதான் தகவல்.

காலை ஆறே கால் பஸ்.
முள்ளோடையில் பள்ளத்தைச் சுற்றி
கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.
உள்ளே, புது மண் மேல்,
ஒரு நாய் நீட்டிப் படுத்திருந்தது.
தலை எந்தப் பக்கம் என்று
எட்டிப் பார்ப்பதற்குள்
கண்டக்டர் விசிலடித்துவிட்டார்.