ஒன்பது படி

மாட்டுங்காவில் தரையோடு சேர்த்து ஐந்து தளம். லிஃப்ட் இல்லை.
முகப்பில் அரைவட்டப் பால்கனிகள்,
இட்லித் தட்டுகளை அடுக்கி வைத்ததுபோல.
வாசலுக்கு மேல் சிமெண்டில் ஒரு சூரியன்,
பதினொரு கதிர். பன்னிரண்டாவது
எந்த மழையிலோ உதிர்ந்துவிட்டது.
அதைத் தொடக்கூடாது என்பதுதான்
எனக்கு நானே எழுதிக்கொண்ட முதல் வரி.

எங்கள் தொழிலில் இணக்கம் என்று ஒரு சொல்.
பழையதன் குரலில் மிமிக்ரி செய்யாதே,
அது பேசும்போது குறுக்கே பேசாதே.
நாளை எவராவது உன்னைப் பிடுங்கி எறிந்தால்
சுவரில் ஆணித் துளைகள் மட்டும் மிஞ்ச வேண்டும்.

ஆகவே லிஃப்டைப் பின்பக்கம் வைத்தேன்,
மாடிப்படி திரும்புகிற இடத்தில்.
அங்கே ஏற்கெனவே நெட்டுக்கு ஒரு திறப்பு,
ஒரு செங்கல்லையும் உடைக்க வேண்டாம்.
கண்ணாடிக் கூண்டு, மெலிந்த இரும்பு,
பழஞ்சுவருக்கும் அதற்கும் நடுவே
நான்கு அங்குலக் காற்று.
அந்த வரைபடத்தை இரண்டு நாள்
தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஒப்புக்கொள்கிறேன்.

சொசைட்டி கூட்டத்தில் செயலாளர் ஜவேர்சந்த் கடா
எழுந்து நின்றே கைதட்டினார்.
மூன்றாம் மாடி ஹேமாவதி சேஷன் வரவில்லை.
அவரால் வர முடியாது என்பதற்காகத்தான் லிஃப்டே.
காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நான் ஏறினேன்.

சக்கர நாற்காலி. மடியில்
யாருடையதோ வருமான வரிக் கணக்கு.
தாதர் பாலத்தில் விழுந்ததிலிருந்து
மாதம் ஒருமுறை இரண்டு பையன்கள்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
இறக்குகிறார்கள், ஏற்றுகிறார்கள். ஆளுக்கு நூறு.
படத்தைப் பேனாவின் பின்முனையால் எண்ணினார்.
"லிஃப்ட் பாதி மாடியில நிக்கறது.
அங்கேர்ந்து எங்காத்துக்கு ஒன்பது படி.
பசங்களுக்கு இனிமே அம்பது கொடுத்தாப் போறுமா?"

ஒன்பது படி.
அவற்றையும் நான்தான் வரைந்திருந்தேன்,
அம்புக்குறி போட்டு, 'மேலே' என்று எழுதி.

திரும்ப வரைய மூன்று வாரம்.
தளத்துக்குத் தளம் நிற்க வழி ஒன்றுதான்:
நடையின் கோடியில் இருக்கும் சன்னல்.
நாற்காலி இருபத்தேழு அங்குலம், சன்னல் முப்பத்தாறு.
மேல் விட்டமும் அகலமும் அப்படியே இருக்க
கீழ்ச்சுவரை மட்டும் அறுத்தால் கதவு.
"உடைக்கவே மாட்டேன் என்றீர்களே" என்றார் கடா.
ஆமாம், என்றேன்.
இரண்டாம் மாடி பார்கவி குல்கர்ணி
தன் பூனை அந்தக் கடப்பைக் கல்லில்தான்
மத்தியானம் முழுக்கப் படுக்கும் என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இன்றுவரை இல்லை.

அறுத்த அன்று சத்தம் தாங்காமல்
தெருவுக்குப் போய், குடிக்க நினைக்காத ஒரு டீயோடு நின்றேன்.
வெட்டிய விளிம்பைப் பூசி மறைக்கச் சொல்லவில்லை.
வெட்டு வெட்டாகவே தெரிகிறது:
எண்பது வருஷச் செங்கல், சுண்ணாம்பு,
நேற்றைய இரும்புச் சட்டம்,
காற்று, அதன் மேல் ஒரு தகடு,
பிறகு லிஃப்ட்.

ஜூனில் முதல் மழைக்கே ஒழுகியது.
கடா போனில் கத்தினார். ஓடினேன்.
பழைய சுவரைத் தடவிப் பார்த்தேன், காய்ந்திருந்தது.
ஒழுகியதெல்லாம் என்னுடையது.

மூன்றாம் தளத்தில் மண்டியிட்டு,
தகட்டின் மடிப்பை அளந்துகொண்டிருக்கையில்
பின்னால் சக்கரம் வந்து நின்றது.
குடை, பை, மழைக்கோட்டு.
ஆபீசா, டாக்டரா என்று கேட்டேன்.
"கொத்தமல்லி வாங்க" என்றார்.
"கொஞ்சம் நகருங்கோ."

வழியை அடைத்துக்கொண்டிருப்பது
நான்தான் என்பது
ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது.