பகல் தூக்கம்

பிராட்வேயில் இறங்கி நடக்கும்போதே
கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:
ஆஸ்பத்திரி வாசனை வருதுப்பா.
வரவில்லை. கரும்புச் சாறும்
துருப்பிடித்த இரும்பும்தான் அதுவரைக்கும்.

டூட்டி முடிந்த கையோடு வந்திருந்தேன்.
யூனிஃபாரம் மாற்றவில்லை.
ஏ.டி.எம். வாசலில் யார் யார் பணத்துக்கோ
ராத்திரி முழுக்க விழித்த கண்
டோக்கன் எழுபத்துமூன்றைப் படிக்கவே எரிந்தது.

டாக்டரம்மா சின்னப் பெண். கொண்டையில் பேனா.
முழங்காலோடு முழங்கால் முட்ட
எதிரெதிரே உட்காரச் சொன்னாள்.
ஜெரூஷாவின் தலை அவள் மடியில்,
கால்கள் என் இடுப்பைச் சுற்றி,
கை ரெண்டும் என் கைக்குள்.
நாலு வயசை எங்கள் இருவர் மடியில்
பாலம்போலக் கிடத்திவிட்டுக்
குட்டிக் கண்ணாடியை உள்ளே விட்டாள்.

மேல் முன்பல் நாலும்
அணைந்த தீக்குச்சி முனைபோல.
கடைவாயில் ஒன்று குழிந்து
ஓர் உளுந்து விழுந்தால் திரும்பி வராது.

பாட்டில்ல பாலா?
ஆமா.
தூங்கும்போதா?
ஆமா.
சர்க்கரை?

சுவரைப் பார்த்தேன்.
யாரோ வரைந்த முதலை ஒன்று
பிரஷைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எப்படிச் சொல்ல டாக்டரம்மா?
ஏழரைக்கு மெர்லின் கம்பெனி வேன் ஏறுவாள்.
எட்டரைக்கு நான் வருவேன்.
காசிமேட்டில் ஒத்தை ரூம், மேலே ஆஸ்பெஸ்டாஸ்.
இவள் முழித்திருந்தால் நான் தூங்க முடியாது.
நான் தூங்காவிட்டால்
ராத்திரி என் தலை சாய்வதைக் கேமரா பார்த்துவிடும்,
ஒருநாள் சம்பளம் போய்விடும்.
ரெண்டு ஸ்பூன் போட்டால் கொஞ்சம் அடம்.
மூணு போட்டால் அடமே இல்லை.
வாயில் பாட்டிலோடு அவள்,
பக்கத்தில் வாய் பிளந்து நான்.
நான் தூங்கிய பகலெல்லாம்
அந்தச் சின்னப் பற்களில் ஊறிக் கிடந்திருக்கிறது.

இதில் எதையும் சொல்லவில்லை.
மூணு ஸ்பூன், என்றேன்.

அவள் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
பால் பல்லுதானே, விழுந்துடும்னு விட்டிருப்பீங்க,
அந்தக் கடைவாய்ப் பல்லு விழ
இன்னும் ஆறேழு வருஷம் கிடக்கு,
அது வரைக்கும் அவ சாப்பிட வேணாமா?
சீட்டில் எழுதிக்கொண்டே சொன்னாள்,
முன்னாடி ரெண்டு பிடுங்கணும்,
கடைவாய்க்கு உள்ளே சுத்தம் பண்ணித் தொப்பி மாட்டணும்.

பல்லுக்குத் தொப்பியா?
அழுகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கேட்டது குழந்தை.

அடுத்த வாரம் ஊசி.
பல்லு இப்போ தூங்கப்போகுது பார், என்றாள் டாக்டரம்மா.
ஜெரூஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
அப்பாவுக்கும் போடு. அப்பா தூங்கவே இல்ல.

அவள் கையை நான் பிடித்திருந்தேனா
அவள் என் கையையா
அப்புறம் எனக்குக் கணக்கில்லை.

பாலில் தினமும் கொஞ்சம் தண்ணீர் கூட்டச் சொன்னார்கள்.
ஒன்பதாம் நாள் வெறும் தண்ணீர்.
பாட்டில் சுவரில் மோதி உருண்டது.
பக்கத்து வீட்டு செல்வமேரி வந்து கதவைத் தட்டினாள்,
புள்ளைய அடிக்கிறியா?
இல்லக்கா, என்றேன்.
வேறென்ன சொல்ல?

இன்றைக்கு மதியம்
நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.
கடைவாயில் வெள்ளித் தொப்பி மின்ன
வாயத் தொற, என்றாள்.
பாக்குப் போட்டுக் கறுத்த என் கீழ்வரிசையை
ஸ்பூனால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.
அதே ஸ்பூன்.
ஐய, எல்லாத்தையும் பிடுங்கணும்.
டோக்கன் எத்தனைங்க?
தனக்குத் தெரிந்த பெரிய எண்ணைச் சொன்னாள்: இருபது.

மணி ரெண்டரை. கூரை சுடுகிறது.
மெர்லின் வர ஆறாகும்.
வரிசையில் கிடக்கிறேன்,
தூக்கமும் வராமல்
வாயை மூடவும் விடாமல்.