அடிக்கடி

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, பதினோராம் இலக்க அறை வாசல்.
படிவத்தில் பதினெட்டுக் கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்று பெட்டி:
ஒருபோதும் இல்லை. சிலவேளை. அடிக்கடி.

ஒன்று.
இருக்கையில் கைகால்களை அசைத்துக்கொண்டே இருப்பார்.
ஆர் இந்த "இருப்பார்"?
யதுர்சிகாவுக்கு எட்டு வயசு.
இன்றைக்குவரை ஒருவரும் அவளை
"ஆர்" போட்டுக் கதைத்ததில்லை.

இரண்டு.
அமரவேண்டிய இடத்தில் அமரமாட்டார்.
இப்பவே பாருங்கோ,
என் பேனை மூடியைக் கடித்துக்கொண்டு
மருந்து எடுக்க வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரிடமும்
துண்டு இலக்கம் கேட்டு
அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டு போகிறாள்.

படிவத்தின் தலைப்பில் ஒரு சொல்:
மிகைச்செயற்பாடு.
நான் லாண்ட்மாஸ்ரர் ஓட்டுகிறவன்.
மிகை எண்டால் மூட்டைக்கு மேல் மூட்டை,
பள்ளத்தில் இறங்கினால் அச்சு முறிகிற பாரம்.
இவளைத் தூக்கினால்
இருபது கிலோவும் வராது.

ஊரில் வேறு சொற்கள் இருக்கின்றன.
ரீச்சருக்கு இது குழப்படி.
கடை ஞானசேகரத்துக்குச் சரியான சுழி.
தாய்க்காரி கோபத்தில்
"காலில சில்லுப் பூட்டின சனியன்" என்பாள்,
கோபம் ஆறினால் துடியாட்டம் என்பாள்.
துருசடியில் ஒரு ஆட்காட்டி
ஆள் வந்தால் முட்டையை விட்டு
அங்கும் இங்கும் ஓடிக் கத்தும், அதன் பேர் அந்தரம்.
அந்தரம் இவளுடையதில்லை.
இவள் குளக்கட்டில் ஓடும்போது
கீழே நிற்கிற எங்களுக்கு வருவது.

பிறகு இந்த இரட்டைச் சொற்கள்,
துறுதுறு, பரபர, நெளுநெளு, தொணதொண.
இரவில் நெல் ஏற்றி வரும்போது யோசித்துப் பார்த்தேன்:
துறு என்று தனியே ஒன்றில்லை.
ஒருதரம் சொல்லி நிற்பாட்டேலாது,
சொல்லே எழும்பி இன்னொருதரம் ஓடுகிறது.
தமிழையும் கதிரையில் இருத்தேலாது.

ஒன்பதாவது கேள்வியில் பேனை நின்றது.
அதீத துடிப்புடன் காணப்படுவார்.

துடிப்பு.
இதே ஆஸ்பத்திரி, மேல்மாடி.
இவள் பிறக்க மூன்று வருசத்துக்கு முந்தி.
தாய்க்காரியின் வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி
டொக்டர் கருவியை இப்படி வைத்தார், அப்படி வைத்தார்,
இன்னொருவரைக் கூப்பிட்டார்.
திரையில் உழுத வயல்மேல் மழை பெய்வதுபோல் ஒரு சாம்பல்.
துடிப்பு இல்லை, என்றார்.
அதை ஒருதரம்தான் சொன்னார்.

இவள் வயிற்றில் இருந்தபோது
குடும்பநல மாது ஜெயகௌரி சின்ன மெசினை வைத்து
"துடிப்பு நல்லா இருக்கு, குதிரை மாதிரி" என்றா.
நானும் கேட்டேன்.
டக்குடக்கு டக்குடக்கு.
வவுனிக்குளம் வரைக்கும் மோட்டார்சைக்கிளில்
அதையே வாயால் சொல்லிக்கொண்டு போனேன்.
மாங்குளத்துக்கு இஞ்சாலே மழை பிடித்தது, நிற்பாட்டவில்லை.
அதீதம் என்று அன்றைக்கு
ஒருத்தரும் சொல்லவில்லை.

மூன்றாவது பெட்டியைப் பார்க்கிறேன்.
அடிக்கடி.
அதுவும் இரட்டைச் சொல்தான்,
ஒரு அடி, அதன் பின்னால் இன்னொரு அடி.
புள்ளடி போட்டேன்.
கோடு நீண்டு கீழ்ப்பெட்டிக்குள்ளும் போய்விட்டது.

நித்திரையைப் பற்றிக் கேள்வி ஒன்றுமில்லை.
நித்திரையில் அவள் மரக்குற்றி போலக் கிடப்பாள்.
சாமத்தில் நான் எழும்பிப் போய்
மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பதற்கு
இதில் பெட்டி இல்லை.

கிளினிக் கொப்பியோடு பக்கத்தில் இருக்கிற அம்மா
என் முழங்காலைப் பார்த்துச் சொல்லுகிறா:
"தம்பி, காலை ஆட்டாதேங்கோ,
வாங்கு முழுக்க நடுங்குது."