மூன்றாவது உடைப்பு

சித்திரைக் கோடைமழைக்கு விதைத்த சோளம்
முழங்காலைத் தொட்ட அன்று
சொசைட்டியில் ஒரு மூட்டை யூரியா கிடைத்தது.
இருநூற்று அறுபத்தாறு ரூபாய் ஐம்பது காசு.
கூடவே ஒரு குப்பித் திரவமும் எடுத்தால்தான்
மூட்டை என்றார்கள்.
எடுத்தேன்.
குப்பி இன்னும் பரணில் இருக்கிறது,
பிள்ளைக்கு எட்டாத உயரத்தில்.

ஆரல்வாய்மொழியில் பஸ் இறங்கி
காற்றாடிகளைத் தாண்டி மலைப்பக்கம் ஏறினால்
எங்கள் விளை. ஒன்றரை ஏக்கர்.
ஏக்கர் என்பது பத்திரத்தில்.
காலுக்கு அது ஏணி.

நான் மேல்விளை, சுயம்புலிங்கம் கீழ்விளை.
நடுவே ஒரு வரப்பு,
வரப்பில் மூன்று உடைப்பு,
உடைப்பை அடைக்க வேண்டியது யார் என்பதில்
நாலு வருடம் பேச்சில்லை.

சேலைமடியில் வெள்ளை மணிகளைக் கட்டிக்கொண்டு
வீசி வீசி மேலேறினேன்.
விரலிடுக்கு எரிந்தது.
ராத்திரி மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது.
ரேடியோ எத்தனையோ சொல்லும்.

விடியுமுன் இறங்கியது எடவப்பாதி.
என் மண்ணில் அது நிற்கவில்லை,
வந்த வேகத்தில் செருப்பும் கழற்றாமல்
குறுக்கே நடந்து போனது.
செக்கச்செவேலென்று ஒரு ஓடை,
அதனுள் கரைந்து
என் இருநூற்று அறுபத்தாறு ரூபாய்.
ஐம்பது காசு மட்டும்
பாறையிடுக்கில் தங்கியிருக்கலாம்.

பத்தே நாள்.
என் சோளத்துக்கு நுனி மஞ்சள்.
கீழே, ஒரு மணி உரம் வாங்காத மனிதரின் சோளம்
கருகருவென்று.
என் ரசீதில் அவர் தழைத்தார்.

வரப்பில் நின்று, நாலு வருடத்தின் முதல் வார்த்தையாக
"பாதிக் காசு தாரும்" என்றேன்.
அவர் நிமிரக்கூட இல்லை.
"மழைட்ட போயி கேளு, பிள்ளே."

ஆனி முழுக்க
அந்தப் பச்சைக்கு முதுகு காட்டியே களை பறித்தேன்.
அப்படியும் அது தெரிந்தது.

பிறகு ஆடி.
கணவாய்க்குள் நுழையும் காற்றுக்கு
லாரியும் ஒன்றுதான் லுங்கியும் ஒன்றுதான்.
மேலே என் குட்டைச் சோளம்
தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.
கீழே, தழைச்சத்தைக் குடித்துக் குடித்து
தட்டை நீண்டு உள்ளே வலுவில்லாமல் போனதெல்லாம்
ஒரே ராத்திரியில் கிழக்கே பார்த்துப் படுத்துவிட்டது.
கதிர்கள் மண்ணில்.
மயில்கள் குடும்பமாக வந்தன.

மகிழ்ந்தேன்.
எழுதத்தான் வேண்டும், மகிழ்ந்தேன்,
கையிலிருந்த சாயா ஆறும் வரைக்கும்.

அவர் மகன் அஜின் கொல்லத்தில் டைல்ஸ் ஒட்டுகிறான்.
படுத்த சோளத்தை அறுக்க இரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் தூக்கிப் பிடிக்க, ஒருவர் அறுக்க.
அவர் ஒற்றையாளாக முட்டியில் ஊர்ந்துகொண்டிருந்தார்.
அரிவாளோடு இறங்கினேன்.
எதற்கென்று நானும் யோசிக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தூற்றி நிறுத்தபோது
எனக்கு மூன்று மூட்டையும் ஒரு பெட்டியும்.
அவருக்கு மூன்று மூட்டை.
மயில்களுக்கு எத்தனை என்று
எந்தத் தராசிலும் ஏறவில்லை.
அவர் தன் மூட்டைகளைப் பார்த்தார், என்னுடையதைப் பார்த்தார்,
"ஒரு பெட்டி கூடுதல் உனக்கு" என்றார்,
குற்றம் போலவும் இல்லை, வாழ்த்து போலவும் இல்லை.

புரட்டாசியில் சரிவுக்குக் குறுக்கே உழச் சொன்னேன்.
டிராக்டர் சாயும் என்று முனகிக்கொண்டே
சுற்றிச் சுற்றி உழுதான் பிரபின்.
சால்கள் மலைக்கு இடுப்புக்கொடி கட்டியது போல.
இனி யூரியா மூன்று தடவையாக,
வேருக்கு ஒரு சிட்டிகை,
மேலே மண் மூடி.

மண்வெட்டியோடு அவர் ஒருநாள் வரப்புக்கு வந்தார்.
முதல் உடைப்பை அவர் அடைத்தார்,
இரண்டாவதை நான்.
மூன்றாவது அப்படியே கிடக்கிறது.
அது யாருடையது என்று
இன்னும் முடிவாகவில்லை.