விருப்பப் பதிவேடு

செவ்வாயின் துணைத் தூதரகம்
துய்மா வீதியில், ஒரு பழைய பிஸ்கட் குடோனில் இருக்கிறது.
சுவரின் மஞ்சளை மாற்றக் கூடாதென்று நகராட்சி உத்தரவு;
கதவுக்கு மட்டும் துருவின் நிறம் பூசிக்கொண்டார்கள்.
நான் அங்கே மொழிபெயர்ப்பாளன்.
மூன்று மொழி தெரியும். மூன்றிலும்
‘சற்றுக் காத்திருங்கள்’ என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதம்.
திறன் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்குள்
எந்தக் கோளின் பிரஜை என்று எழுதித் தரவேண்டும்.
எழுதாதவர் பூமிக்குச் சொந்தம்.
எங்கள் ஊருக்கு இது புதிதில்லை.
என் கொள்ளுத்தாத்தா இப்படியொரு பதிவேட்டில்
கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக்காரர் ஆனார்.
அவர் தம்பி அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துவிட்டதில்
இந்தியராகவே இருந்துவிட்டார்.
அப்புறம் இரண்டு வீட்டுக்கும்
பென்ஷன் வேறு, பேச்சு வேறு, கல்லறை வேறு.

இன்று வரிசையில்
பார்வையால் இரும்பை வளைக்கும் முத்தியால்பேட்டை வெல்டர்,
(வளைத்ததை நிமிர்த்த வராதாம்)
மழை வருவதை ஆறு நிமிடம் முன்பே அறிந்துவிடும்
ஆட்டோக்காரர் சிங்காரவேல்.
செவ்வாயில் மழை கிடையாது. நிராகரிப்பு.
அவர் போகவில்லை, வாசலில் நின்று பீடி பற்றவைத்தார்.

அடுத்தது அஞ்சலாட்சி.
கடலூர், சிப்காட்டுக்குப் பின்னால் வீடு.
விரல் வைத்தால் தண்ணீரிலிருந்து விஷம் கழன்றுவிடும்.
இவளுக்காகத்தான் இரண்டு கோள்களும்
ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தன.

கான்சல் அம்மையார் அங்கேயே பிறந்தவர்.
நம் எடை அவருக்குப் பழகவில்லை;
ஒரு வாக்கியம் முடிந்ததும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொள்வார்.
எதிரே பூமி ஒன்றியத்தின் பார்வையாளர்,
டெல்லியிலிருந்து, இருமலோடு.

குடுவையில் செவ்வாய் மண் கரைத்த தண்ணீர்.
அங்கே பயிரையும் பிள்ளைகளையும் தின்கிற உப்பு அதில்.
அஞ்சலாட்சி ஆள்காட்டி விரலை விட்டாள்.
மீன் கழுவிய பாத்திரத்தை அலசுவது போல ஒரு சுற்று.
தெளிந்தது.
கான்சல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

‘ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?’
மொழிபெயர்த்தேன்.
‘எங்க தெருவுக்கு நாப்பது கொடம்.
போன வருசம் அறுவது.’
‘ஏன் குறைந்தது?’

அவள் பதில் சொல்லாமல் கைகளை மேஜைமேல் வைத்தாள்.
எட்டு நகங்கள், எட்டு நிறம்.
ஒன்று மயில்துத்தம், ஒன்று சாயப்பட்டறைச் சிவப்பு,
ஒன்றுக்கு மூன்று மொழியிலும் எனக்குப் பெயர் தெரியவில்லை.
‘எடுக்கறது எங்க போவும்னு
இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல.
நீங்களும் லிட்டர்தான் கேட்டீங்க.’

இதை மொழிபெயர்க்க எனக்கு நேரம் பிடித்தது.
அதற்குள் பார்வையாளர் ‘அரசு வேலை, நிரந்தரம்’ என்றார்,
கான்சல் ‘எங்கள் மருத்துவர்கள்’ என்றார்.
இருவரும் பேனாவை நீட்டினார்கள்.

அவள் பேனாவை வாங்கவில்லை.
பதிவேட்டை இழுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்.
கையெழுத்துகள், கைநாட்டுகள்,
எவனோ ஒருவன் அடித்துவிட்டு மறுபடி எழுதியது.
பிறகு ஈரம் காயாத அந்த விரலை
தாளின் நடுவில் வைத்தாள்.

மை எழும்பியது.
எறும்பு வரிசை கலைந்து ஓடுவது போல
விரலை நோக்கி ஓடியது.
அடிப்பக்கம் வரைக்கும் வெள்ளை.
அவளுடைய ஒன்பதாவது நகம்
மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது.

யாருக்கும் வாய் வரவில்லை.
அவளுக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது,
கடலூர் பஸ் இங்கேயே நிற்குமா,
பஸ் ஸ்டாண்டுக்குப் போகணுமா என்று.
போகணும் என்றேன்.

இரண்டு அரசுகளும் என்னைப் பார்த்தன.
நடந்ததை நான் அறிக்கை எழுதவேண்டும்.
அப்போது வாசலிலிருந்து சிங்காரவேல் குரல்:
‘மழ வருது சார், ஜன்னல சாத்துங்க.’

நான் சாத்தவில்லை.
பதிவேட்டை ஜன்னலோரம் நகர்த்தி வைத்துவிட்டு
ஆறு நிமிடம் காத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்,
மழை என்று, மூன்று மொழியிலும்.